ஆலைத் தளத்தின் உளவியலை மருத்துவப் பட்டியலில் பூட்டாதீர்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தொலைநிலைக் கல்விப் பிரிவின் அதிகாரிகளுக்கும்,

2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் எந்தப் பல்கலைக்கழகமும் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ கற்பிக்கக் கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவற்றோடு உளவியலும் சுகாதாரத் தொழில் சார்ந்த படிப்புகளுக்கான அந்தத் தடைப் பட்டியலில் இருந்தது. சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரத்தில் அறிவிப்பு வந்தது. என் முதுகலைப் படிப்பு தொடங்கும் முன்பே நின்றுபோனது. என்னைப் போலவே வேலை செய்துகொண்டே படிக்கக் காத்திருந்த பலருக்கும் அதுதான் நேர்ந்தது. நாங்கள் மனநோய்க்குச் சிகிச்சை அளிக்க விரும்பியவர்கள் அல்லர். நாங்கள் படிக்க விரும்பியது தொழில் மற்றும் நிறுவன உளவியல்; அதாவது ஆள் தேர்வு, பயிற்சி, பணிச்சூழல் போன்றவற்றை ஆராயும் உளவியல். அதை மருத்துவப் படிப்புகளின் கணக்கில் சேர்த்தது தவறு. அந்தத் தவறைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். இளங்கலையில் உளவியல் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவள். ஆள் எடுப்பது, பயிற்சிக்கு அனுப்புவது, விடுதியைக் கவனிப்பது, விபத்துப் பதிவேட்டை எழுதுவது, வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசியாகப் பேசுவது எல்லாம் என் மேசைக்கு வருகின்றன. இளங்கலையில் படித்தது எங்கே போதாமல் போகிறது என்பதை இந்த மேசைதான் எனக்குக் காட்டியது.

விபத்துப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஆலையில் உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் பிரிவு உண்டு. கை மாட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கே எப்போதும் இருக்கிறது. காயம் ஏற்பட்டால் ஒரு பதிவேடு. நூலிழையில் தப்பினால் இன்னொரு பதிவேடு. இரண்டாவதைத்தான் நான் அதிகம் புரட்டுவேன். இரவு ஷிப்டுக்கு மாறிய முதல் சில நாட்களிலும், விடியலுக்குச் சற்று முன்னும் பதிவுகள் குவிகின்றன என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஷிப்ட் பின்னோக்கிச் சுழல்கிறது: இரவு முடிந்தால் மாலை, மாலை முடிந்தால் காலை. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழன்றால் உடல் எளிதாகப் பழகுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வதைப் பிறகு படித்தேன். கூட்டத்தில் இதைச் சொன்னேன். உற்பத்திப் பிரிவின் மேலாளர் கேட்டார்: "இது தற்செயலாக இருக்கக் கூடாதா? இரவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் என்று கணக்கில் எடுத்தீர்களா?"

மிகச் சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் ஆள்கணக்கும் வேலை நேரமும் வேறுபடும்போது விபத்து விகிதத்தை எப்படி ஒப்பிடுவது, சிறிய எண்ணிக்கைகளை எந்த அளவுக்கு நம்புவது, புதிதாகச் சேர்ந்தவர்களின் அனுபவக் குறைவை இரவின் களைப்பிலிருந்து எப்படிப் பிரிப்பது ஆகியவை முதுகலைத் தொழில் உளவியலின் புள்ளியியல், ஆய்வுமுறைப் பாடங்களில் வருபவை. அந்தக் கூட்டத்தின் முடிவில் "கவனமாக வேலை செய்யுங்கள்" என்று ஒரு புதிய பலகை மாட்டப்பட்டது. ஷிப்ட் அப்படியே சுழல்கிறது.

அடுத்தது ஆள் தேர்வு. டிப்ளமோ முடித்த பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்க ஓர் ஆலோசனை நிறுவனம் ஆளுமைத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தது. வேறொரு நாட்டின் அலுவலகப் பணியாளர்களை வைத்து வகுத்த மதிப்பெண் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆரணியிலிருந்தும் செய்யாறிலிருந்தும் வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தவர், தேறாதவர் என்று பிரித்தார்கள். ஆள் பற்றாக்குறையால் தேறாதவர்கள் சிலரையும் எடுக்க நேர்ந்தது. ஓராண்டு கழித்து அவர்களுடைய வேலைத்தரம் மற்றவர்களுடையதைவிட எந்த வகையிலும் குறைவாக இல்லை. இதை நான் எழுதிக் கொடுத்தேன். தேர்வின் மதிப்பெண்ணையும் பிற்காலச் செயல்திறனையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் ஒரு தேர்வைச் செல்லத்தக்கது என்று கூற முடியும் என்பது இந்தத் துறையின் முதற்பாடம். எங்கள் ஆலையில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கும் தகுதி பெற்றவர் யாரும் அங்கே இல்லை.

1998இல் ஸ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து, பணியாளர் தேர்வில் எந்த முறை எவ்வளவு பயன் தருகிறது என்று காட்டினார்கள். 2022இல் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதே கணக்குகளை மறுபடி ஆராய்ந்து, முந்தைய மதிப்பீடுகள் பல கூடுதலாக இருந்தன என்றும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலே முன்னணியில் நிற்கிறது என்றும் கண்டார்கள். அதற்கு விலை உயர்ந்த தேர்வுத்தாள் வேண்டாம். முறையாகக் கற்ற ஒருவர் போதும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வேலைவாய்ப்பு அந்த ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது. இதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்களின் படிவத்தில் "சொந்தக் காரணம்" என்ற இரண்டு சொற்களே பெரும்பாலும் இருக்கும். உட்கார்ந்து பேசினால் வேறு கதைகள் வரும். விடுதி அறையில் ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தியின் ஷிப்ட் தொடங்குகிறது. மாதவிடாய் நாளில் லைனை விட்டு எழுந்து போக சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சம். சேரும்போது சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று. நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதை முறையாகக் கண்டறியும் படிப்பைத்தான் நீங்கள் பட்டியலில் போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடுதி உணவு கெட்டுப்போய்ப் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். கெட்டுப்போன உணவு ஒரு காரணம்தான். தங்களிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மை அதைவிடப் பெரிய காரணம். 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் ஆராய்ந்தார். பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், ஒன்றோடொன்று முரண்படும் எண்ணங்களால் மனத்தில் எழும் நெருடலைப் பற்றிய தம் அறிவாற்றல் முரண்பாட்டுக் கோட்பாட்டை உருவாக்கியபோது அந்த ஆய்வும் அவருக்குத் துணை நின்றது. மருத்துவமனைக்கு வெளியே உளவியலைக் கொண்டுசெல்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னும் நெருக்கமான சான்று அகமதாபாத்தில் இருக்கிறது. 1953இல் அங்குள்ள காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. பணியிட மனித உறவுகளை ஆராயும் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வாளர் ஏ. கே. ரைஸ் தறிக்கூடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு துண்டு வேலையை மட்டும் செய்துகொண்டு, யாரோடும் சேராமல் தறிகளுக்கிடையே அலைந்துகொண்டிருந்தார். குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுப் பொறுப்பாக ஒப்படைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும், தொழிலாளர்கள் தாங்களே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது. உலகெங்கும் நிறுவன உளவியல் மாணவர்கள் இன்றும் அந்தத் தறிக்கூடத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். அங்கே நோயாளி யாரும் இல்லை. சிகிச்சையும் நடக்கவில்லை.

உங்கள் முடிவுக்கு அடிப்படை 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில், நடத்தைசார் சுகாதார அறிவியல் என்ற பிரிவில் உளவியலாளர் இடம்பெறுகிறார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் சுகாதாரத் தொழில் செய்பவர் யார் என்று அதே சட்டம் விளக்கும்போது, நோய்த்தடுப்பு, சிகிச்சை, மறுவாழ்வு, நலமேம்பாடு சார்ந்த சுகாதாரச் சேவைகளோடு தொடர்புடையவர் என்கிறது. பயிற்சித் திட்டம் வகுப்பவரும், பணித்திறன் மதிப்பீட்டுப் படிவம் தயாரிப்பவரும், ஷிப்ட் சுழற்சியை ஆராய்பவரும் நோயாளிக்குச் சேவை செய்கிறவர்கள் அல்லர். எங்கள் எல்லை எங்களுக்குத் தெரியும். மனம் உடைந்து என் முன் அமர்ந்த தொழிலாளியை நான் மருத்துவரிடம்தான் அனுப்பியிருக்கிறேன். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் ஓர் அடி வைத்ததில்லை.

இந்தப் பிரிவினை நான் கண்டுபிடித்ததும் அல்ல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) முதுகலை உளவியலில் இரண்டாம் ஆண்டில் மருத்துவ உளவியல், ஆற்றுப்படுத்தல் (கவுன்சிலிங்) உளவியல், தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்று மூன்று கிளைகள் இருந்தன. மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். பாடத்திட்டம் வகுத்தவர்களே தெளிவாகப் பிரித்து வைத்திருந்ததை உங்கள் அறிவிப்பு ஒன்றாகக் கலந்துவிட்டது.

மருத்துவ உளவியலையும் ஆற்றுப்படுத்தலையும் பொறுத்தவரை உங்கள் கவலையை முழுமையாக ஏற்கிறேன். ஒரு நோயாளியையும் நேரில் பார்க்காமல், மேற்பார்வையில் ஒரு மணி நேரமும் பயிற்சி பெறாமல், தபாலில் வந்த பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு ஆலோசனை மையம் நடத்துகிறவர்களால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கதவை நீங்கள் அடைத்தது நல்லது.

தொலைநிலையில் நடந்த தொழில் உளவியல் படிப்பும் குறையற்றதாக இருந்தது என்று வாதிட மாட்டேன். களப்பயிற்சி பல இடங்களில் ஒரு சான்றிதழோடு முடிந்தது. ஆய்வுத் திட்ட அறிக்கையைக் காசு கொடுத்து எழுதி வாங்கியவர்களை நானே அறிவேன். ஆலையின் வாசலையே மிதிக்காமல் ஆலையைப் பற்றி நூறு பக்கம் எழுதியவர்கள் உண்டு. ஆனால் இந்த நோய்க்கு மருந்து மேற்பார்வையுள்ள களப்பயிற்சியே. படிப்பையே நிறுத்திவிட்டதால், ஒழுங்காகப் படிக்க நினைத்தவர்தான் வெளியே நிற்கிறார்.

எனக்குக் கொஞ்சமும் விளங்காத ஒன்று உண்டு. மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. படிப்பை இன்றும் இணையவழியில் படிக்கலாம். பணியாளர் தேர்வு, ஊக்கம், தலைமைப் பண்பு, பணித்திறன் மதிப்பீடு எல்லாம் அதிலும் வருகின்றன. உளவியல் துறை அதே பொருளை அளவீட்டுக் கோட்பாடு, புள்ளியியல், ஆய்வு அறநெறி ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பிக்கிறது. ஒரு தேர்வு செல்லத்தக்கதா என்று சோதிக்கத் தெரிந்தவரை உருவாக்கும் படிப்புக்குத் தடை; அந்தத் தேர்வை விலைக்கு வாங்கக் கற்றுத்தரும் படிப்புக்கு அனுமதி. இதனால் தொழிலாளர்களுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"முழுநேரமாகப் படிக்கலாமே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டால் இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளம் இல்லை. என் வீட்டில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து அப்பாவின் மருந்தும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் இருக்கின்றன. என் நிலை அபூர்வமானதும் அல்ல. ஒசூரிலும் திருப்பூரிலும் இதே பிரிவில் வேலை செய்யும் தோழிகளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மாலையிலோ வார இறுதியிலோ முதுகலை உளவியல் கற்பிக்கும் கல்லூரி எதையும் நான் போய்வரக்கூடிய தொலைவில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முழுநேரம் படிக்க வசதியுள்ளவர்கள் படிக்கட்டும், அவர்களும் வேண்டும். ஆனால் ஆலையின் இரைச்சலையும் எண்ணெய் வாடையையும் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் முகங்களையும் தினமும் பார்க்கிறவர்களுக்கு இந்தப் படிப்பு எட்டாமல் போனால், அறிவு ஓரிடத்திலும் அனுபவம் வேறிடத்திலும் தங்கிவிடும்.

தேவையும் கூடிவருகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைக்கே நல அலுவலர் கட்டாயமாக இருந்தார். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250 ஆகக் குறைத்திருக்கிறது. இதுவரை நல அலுவலரே தேவைப்படாத நடுத்தர ஆலைகளும் இனி ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த நாற்காலிகளில் யாரை உட்காரவைக்கப் போகிறோம்?

ஆகவே கேட்கிறேன்.

முதலாவதாக, உளவியலின் எந்தக் கிளைகளுக்கு இந்தத் தடை பொருந்தும் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்துங்கள். சுகாதாரத் தொழில்கள் ஆணையத்தோடு கலந்து பேசி, நோயாளிக்குச் சேவை செய்யாத தொழில் மற்றும் நிறுவன உளவியலைத் தடைப் பட்டியலிலிருந்து விடுவியுங்கள். அந்தப் பட்டம் பெறுபவர் சிகிச்சையோ மனநல ஆலோசனையோ அளிக்கத் தகுதியற்றவர் என்று சான்றிதழிலேயே அச்சிடுங்கள். அதற்கு எங்களில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டோம்.

பழைய முறையை அப்படியே திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கோட்பாட்டுப் பாடங்கள் தொலைவிலிருந்தும், புள்ளியியலும் தேர்வு வடிவமைப்பும் வார இறுதி நேர்முக வகுப்புகளிலும், களப்பயிற்சி தகுதிபெற்ற உளவியலாளரின் மேற்பார்வையில் உண்மையான பணியிடத்திலும் நடக்கட்டும். மேற்பார்வை நேரத்தின் குறைந்தபட்ச அளவை நீங்களே வகுத்துக் கொடுங்கள். வேலை செய்கிறவர் தம் சொந்தப் பணியிடத்தில் களப்பயிற்சி பெறலாம் என்று விதியில் சேர்த்துவிடுங்கள். அங்கே திரட்டும் தகவல்கள் தொழிலாளருக்கு எதிராகப் பயன்படுத்தப்படாமல் இருக்கப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒவ்வோர் ஆய்வையும் முன்கூட்டியே பார்க்கட்டும். ஆய்வறிக்கைக்கு நேரடி வாய்மொழித் தேர்வைக் கட்டாயமாக்குங்கள். விலைக்கு வாங்கிய அறிக்கை அங்கேயே சிக்கிவிடும்.

இந்த மாற்றத்துக்குக் காலம் பிடிக்கும் என்றால், ஸ்ரீபெரும்புதூர், ஒசூர், கோவை, திருப்பூர் போன்ற தொழில் வட்டாரங்களில் மாலைநேர முதுகலை வகுப்புகளைத் தொடங்க மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதியும் நிதியும் கொடுங்கள். ஷிப்டுக்கு ஏற்ற வகுப்பு நேரமும் வேண்டும். நம் தொழிலாளர்களை வைத்தே மதிப்பெண் அட்டவணை வகுக்கப்பட்ட தமிழ்த் தேர்வுகளை உருவாக்கும் ஆய்வுகளுக்குத் தனியாக உதவித்தொகை ஒதுக்குங்கள்.

கடைசியாக, அடுத்த சேர்க்கை தொடங்குவதற்கு முன் இந்த மடலுக்குப் பதில் வேண்டும். மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு, பொதுவில், தேதியிட்டுச் சொல்லுங்கள். என் விண்ணப்பமும் மதிப்பெண் சான்றிதழ்களும் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு மனிதவளப் பணியாளர்